தாவுகிறவனும் உருமாறுகிறவளும்

ராயகிரியில் வாசலைத் தாண்டினால் முதலில் காதில் விழுவது 'எங்க கிளம்பிட்ட?' என்கிற கேள்விதான். கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவுக்கு அது ஒரு வணக்கம் மாதிரி. ஆனால் பஸ் ஏறப் போகும் கொஞ்ச தூரத்துக்குள் நாலைந்து பேருக்குப் பதில் சொல்லித்தான் நான் வளர்ந்தேன். அதே தெருவில் நடந்த என் அண்ணனிடம் ஒருநாள் கேட்டேன். தன்னை யாரும் அப்படிக் கேட்டதாக அவனுக்கு ஞாபகமே இல்லை. முனைவர் பட்டம் வாங்கி, கல்லூரியில் பாடம் நடத்தி, இரண்டு கவிதைத் தொகுப்பும் போட்டுவிட்டு விடுமுறைக்கு வந்து இறங்கினாலும் எனக்கு அந்தக் கேள்வி பாக்கி இருக்கிறது.

போன கோடையில் அண்ணன் மகள் அலைபேசியில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே எழுத்து ஓடியது. பாதியில் நிமிர்ந்து, "ஏன் அத்தை, இவன் பாட்டுக்கு லண்டனுக்குப் போறான், எகிப்துக்குப் போறான். எங்க போன, எப்ப வந்தன்னு இவன ஒரு ஆளு கூடக் கேக்க மாட்டாங்களா?" என்றாள். படம் 'ஜம்பர்'. டக் லைமன் இயக்கி 2008இல் வந்தது. வந்த காலத்தில் நானும் பார்த்திருக்கிறேன்; சண்டைக் காட்சிகள் தவிர ஒன்றும் நினைவில் தங்கவில்லை. அவள் கேட்ட பிறகு உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். இந்தக் கட்டுரை அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில்தான். நீண்டுவிட்டது.

கதை இவ்வளவுதான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊர். அம்மா விட்டுவிட்டுப் போன, அப்பாவோடு ஒட்டாத பையன் டேவிட். உறைந்த ஆற்றின் பனிப்பாளம் உடைந்து உள்ளே விழுகிறான். மூச்சு முட்டும் கணத்தில் ஊர் நூலகத்தின் தரையில் கிடக்கிறான். நினைத்த இடத்துக்குத் தாவும் ஆற்றல் தனக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டை விட்டுப் போகிறான். நியூயார்க்கில் வங்கிப் பெட்டகத்துக்குள் தாவிப் பணத்தை அள்ளுகிறான். எட்டு வருஷம் கழித்துப் பார்த்தால் அவன் ஹேடன் கிறிஸ்டென்சன். பெரிய வீடு, கடலலைமேல் சறுக்கு விளையாட்டு, ஸ்பிங்க்ஸ் சிலையின் தலையில் உட்கார்ந்து மதிய உணவு. இப்படித் தாவுகிறவர்களை வேட்டையாட ஒரு கூட்டம் இருக்கிறது. எல்லா இடத்திலும் இருக்கும் வல்லமை கடவுளுக்கு மட்டுமே உரியது என்பது அவர்கள் கட்சி. சாமுவேல் எல். ஜாக்சன் வெள்ளை முடியோடு மின்கம்பி எடுத்துத் துரத்துகிறார். மீதியெல்லாம் ஓட்டம்.

இந்தப் படத்தில் ஒரு சின்னக் காட்சி வருகிறது. டேவிட் வீட்டில் தொலைக்காட்சி ஓடுகிறது. எங்கோ வெள்ளம். மனிதர்கள் சிக்கிக் கிடக்கிறார்கள், காப்பாற்றப் போக வழியில்லை என்கிறது செய்தி. அந்த இடத்துக்குப் போகக்கூடிய ஒரே ஆள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். கேட்டுவிட்டு லண்டனுக்கு, ஒரு மதுவிடுதிக்குத் தாவுகிறான், பெண் தேடி. கடைசியில் அவன் திருந்துவதற்கு இயக்குநர் போட்டுவைத்த முடிச்சு இது என்று நினைத்துக் காத்திருந்தேன். அந்த வெள்ளம் திரும்ப வரவே இல்லை. இவனுக்கு உலகம் என்பது போய் நிற்பதற்கான இடங்கள் மட்டுமே. அங்கே இருக்கும் மனிதர்கள் கணக்கில் இல்லை. படத்துக்கு இது தெரிந்திருக்கிறது, ஆனால் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை.

இதைவிட என்னை உறுத்தியது, மூல நாவலுக்குப் படம் செய்திருக்கும் காரியம். ஸ்டீவன் கூல்ட் எழுதிய நாவல் 1992இல் வந்தது. அதில் டேவிட் முதல் முறை தாவுவது அப்பாவின் அடி விழப்போகும் கணத்தில். இரண்டாம் முறை, வீட்டை விட்டு ஓடும் வழியில் லாரிக்காரன் ஒருவன் அவனைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்க முயலும்போது. இரண்டு முறையும் அவன் போய் விழுவது நூலகத்தில்; அந்தப் பையனுக்குத் தெரிந்த ஒரே பத்திரமான இடம் அது. படத்தில் நூலகம் இருக்கிறது, காரணம் காணாமல் போய்விட்டது. பனிப்பாளம் உடைவது ஒரு விபத்து; விபத்தில் குற்றவாளி கிடையாது. அடிக்கிற அப்பா இங்கே கத்துகிற அப்பாவாகச் சுருங்கிவிடுகிறார்.

அம்மாவின் கதை இன்னும் மோசம். நாவலில் அவள் வீட்டை விட்டுப் போனது கணவனின் அடி தாங்க முடியாமல். படத்தில் அவளுக்கு வேறு ரகசியம் கொடுத்திருக்கிறார்கள். தாவுகிறவர்களைக் கொல்லும் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. ஐந்து வயது மகன் தாவுவதைப் பார்த்ததும் அவனைக் கொல்வதா விட்டுப் போவதா என்று யோசித்து விட்டுப் போனாள். டயன் லேன் நல்ல நடிகை, அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன முடியுமோ அதைச் செய்கிறார். ஆனால் உயிர் பிழைக்க ஓடிய ஒரு பெண்ணைப் பிள்ளையை வேட்டையாடும் கூட்டத்தின் ஆளாக்கியிருக்கிறது இந்தத் திரைக்கதை. அடிபட்டு ஓடிவந்தாள் என்றால் நம்ப மறுக்கிற உலகம், கொலைகாரக் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்றால் உடனே நம்பிவிடும் போலிருக்கிறது. நம் ஊரில் புருஷனை விட்டு வந்தவளுக்கும் ஒரு ரகசியக் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்கிறார்களே, அதே புத்திதான்.

இதே லைமன் பத்து வருஷம் கழித்து 'இம்பல்ஸ்' என்ற தொடரை எடுத்தார். 2018இல் யூடியூபில் வந்தது, லாரன் லெஃபிராங்க் பொறுப்பேற்று நடத்தினார், இரண்டு பருவத்தோடு நின்றுபோனது. இதுவும் கூல்டின் நாவலை ஒட்டியதுதான், ஆனால் தாவுகிறவள் பதினாறு வயதுப் பெண் ஹென்ரியட்டா. பள்ளியின் கூடைப்பந்து வீரன் ஒருவன் தன் வண்டிக்குள் அவளை வன்முறைக்கு உட்படுத்துகிறான். அந்தக் கணத்தில் அவள் உடல் தாவுகிறது, வண்டி நொறுங்குகிறது, அவன் கால்கள் செயலிழக்கின்றன. ஊரெல்லாம் அவனுக்காக அழுகிறது. நடந்ததைச் சொல்ல அவளுக்கு வெகுநாள் ஆகிறது.

அவள் போய் விழுந்த இடம் எது தெரியுமா? தன் படுக்கையறை. அதன் பிறகும் பயம் வரும்போதெல்லாம் அங்கேதான் வந்து விழுகிறாள். டேவிட் ரோமுக்கும் டோக்கியோவுக்கும் தாவுகிறான். அதே ஆற்றல் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தால் வீட்டுக்குத்தான் வர முடிகிறது. இதை எழுதியவர்கள் தெரிந்தே எழுதியிருக்கிறார்கள். கெட்டது நடந்த பிறகு உடம்பு கேட்பது தாழ்ப்பாள் போட்ட ஓர் அறையை. அந்த வயதுப் பெண்களுக்குப் பாடம் நடத்துகிற எனக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை. போன வருஷம் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி வருவதை நிறுத்திவிட்டாள். பஸ்ஸில் ஒருவன் தொல்லை கொடுக்கிறான் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். அவனை யாரும் ஒன்றும் செய்யவில்லை. இவள் வீட்டுக்குள் போய்விட்டாள். இதைத் தெரிந்துகொண்ட மற்ற பிள்ளைகள் கற்றுக்கொண்ட பாடம், சொல்லக் கூடாது என்பது. நானும் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதே வழியில் கல்லூரிக்குப் போனபோது சொன்னதில்லை. சொன்னால் படிப்பு நிற்கும் என்று தெரியும். தாவணியில் குத்திய ஊக்கைக் கழற்றி விரலிடுக்கில் வைத்துக்கொள்வேன். கூட்டத்தில் யார் 'ஸ்ஸ்' என்று நகர்கிறான் என்பதை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பேன்.

இந்த இடத்தில் எனக்கு மணிமேகலை நினைவுக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆய்வுக்கென்று ஐந்து வருஷம் அவளோடு இருந்தவள் நான். கூல்டுக்கும் லைமனுக்கும் வெகுகாலம் முன்னால், ஒரு பெண்ணுடல் ஆபத்துக் கணத்தில் ஓர் ஊரிலிருந்து மறைந்து வேறு நிலத்தில் கண்விழிப்பதைச் சாத்தனார் எழுதிவிட்டார். பூப்பறிக்கச் சுதமதியோடு உவவனம் போகிறாள் மணிமேகலை. சோழன் மகன் உதயகுமரன் தேர் ஏறித் தேடி வருகிறான். அவள் பளிக்கறைக்குள் ஒளிகிறாள். ஒளிந்துகொள்ளக் கிடைத்த இடம் கண்ணாடி அறை! அறிந்தே எழுதினாரோ என்னவோ, வகுப்பில் இந்த இடம் வரும்போது நான் நிறுத்திவிடுவேன். வெளியிலிருந்து உள்ளே தெரிகிற அறையில் ஒளிந்திருப்பது எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்றிரவு மணிமேகலா தெய்வம் வந்து அவளைத் தெற்கே முப்பது யோசனைத் தொலைவில் மணிபல்லவத் தீவில் கொண்டுபோய் வைக்கிறது.

ஆனால் தூங்க வைத்துத்தான் தூக்கிப் போகிறது. அவளை யாரும் கேட்கவில்லை. விழித்துப் பார்த்துத் தெரியாத கடற்கரையில் தனியாக அழுகிறாள். பெண்ணைத் தூக்கத்தில் இடம்மாற்றும் பழக்கம் நம் கதைகளில் ஊறிப்போனது. 1957இல் வந்த 'மாயா பஜா'ரில் கடோத்கஜன் உறங்குகிற வத்சலாவைக் கட்டிலோடு வான்வழியே தூக்கிப் போகிறான். நல்லதுக்குத்தான், காதலனிடம் சேர்க்கத்தான். இருந்தாலும் அவளை எழுப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 'ஜம்ப'ரிலும் மில்லி என்ற பெண் ரோமுக்குப் போவது விமானத்தில். கூட வருகிறவன் யார், அவன் பணம் எங்கிருந்து வந்தது என்று ஒன்றும் தெரியாமல். கண் விழித்திருக்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மணிமேகலை கதை அங்கே நிற்கவில்லை என்பதால்தான் அது எனக்கு வேண்டியிருக்கிறது. தீவில் தெய்வம் அவளுக்கு மந்திரங்கள் கொடுக்கிறது. வானில் போகும் மந்திரம் அவற்றில் ஒன்று. அதாவது இனி அவளை யாரும் தூக்கிப் போக வேண்டாம், அவளே போகலாம். ஆனால் அந்த மந்திரம் தனியாக வருவதில்லை. வேற்றுருக் கொள்ளும் மந்திரமும் கூடவே தரப்படுகிறது. காரணமும் சொல்லப்படுகிறது: நீ இளம்பெண்; சமயவாதிகள் உனக்குத் தங்கள் பொருளைச் சொல்ல மாட்டார்கள், ஆகவே வேறு உருவில் போ.

என் அண்ணன் மகளின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். டேவிட்டுக்கு ஒரு மந்திரம் போதும். அவன் எங்கே தாவினாலும் தன் முகத்தோடு, தன் சட்டையோடு போய் நிற்கிறான். லண்டன் விடுதியில் அவன் யார் என்று கேட்க அங்கே எவருக்கும் தோன்றுவதில்லை. பெண்ணுக்கு வானம் திறந்தாலும் போதாது, போய் இறங்கும் இடத்தில் அவள் உருவம் மாறியிருக்க வேண்டும். வேற்றுரு இல்லாமல் வான்வழி அவளுக்குப் பயன்படாது.

மணிமேகலை அந்த மந்திரத்தை எப்போதெல்லாம் எடுக்கிறாள் என்று பாருங்கள். உதயகுமரன் மறுபடி துரத்தும்போது காயசண்டிகை உருவம் எடுக்கிறாள். அது கொலையில் முடிகிறது. காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் பொறாமையில் உதயகுமரனை வெட்டிவிடுகிறான். வேறொருத்தியின் உருவத்தை எடுத்துக்கொண்டால் அவளுக்குரிய கணவனும் கூடவே வந்துவிடுகிறான்! பிறகு அரசமாதேவி பழிவாங்க ஓர் இளைஞனை ஏவுகிறாள். ஆணுரு எடுத்துத் தப்பிக்கிறாள். வஞ்சி நகரில் சமயக் கணக்கர்களைக் கேட்க மாதவன் வடிவில் போகிறாள். 'மாயா பஜா'ரில் கடோத்கஜன் வத்சலாவின் உருவத்தில் வந்து செய்யும் கூத்தைச் சாவித்திரி நடித்ததை நினைத்து இன்றும் சிரிக்கிறோம். ஆண் பெண்ணுரு எடுத்தால் விளையாட்டு. பெண் ஆணுரு எடுத்தால் மானமும் கல்வியும் அதைப் பொறுத்து இருக்கிறது.

நம் மரபில் தனியே அலைந்த மற்றப் பெண்களும் இந்த விலையைக் கொடுத்திருக்கிறார்கள். கன்னிப் பருவத்திலேயே முதுமையை வேண்டி வாங்கிக்கொண்டவள் ஔவை என்பது வழங்கிவரும் கதை. கிழவியான பிறகுதான் அரசவை, பாதை, மரத்தடி எல்லாம் அவளுக்குத் திறக்கின்றன. யானையிலும் குதிரையிலும் கயிலைக்குப் புறப்பட்ட சுந்தரரையும் சேரமானையும் முந்திக்கொண்டு, பிள்ளையார் துதிக்கையால் தூக்கி வைக்க ஒரு கணத்தில் அவள் போய்ச் சேர்ந்ததாகவும் சொல்வார்கள். தமிழில் தாவல் கதை கேட்டால் நான் முதலில் சொல்வது அதைத்தான். காரைக்கால் அம்மையார் பேயுரு வேண்டினார். சித்தர்கள் விஷயம் வேறு. வானில் பறக்கக் குளிகை செய்தார்கள் என்று கேட்கிறோம். பறப்பதற்காகத் தங்கள் இளமையைக் கழற்றி வைத்தார்கள் என்று கேட்டதில்லை. நவீன கதாநாயகர்களும் அந்தச் சித்தர்களின் வாரிசுதான். சூர்யா நடித்த '24' படத்தில் (2016) காலத்தை நகர்த்தும் கடிகாரம் கிடைத்தவன் அதைக் காதலியின் மனத்தைப் பிடிக்கவும் செலவழிக்கிறான். அரங்கில் நாமும் கைதட்டினோம்.

இதை வகுப்பில் சொல்லி, உங்கள் வேற்றுரு என்ன என்று கேட்டேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. துப்பட்டாவால் கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றிக்கொள்வது. இருட்டிவிட்டால் அணைந்துபோன அலைபேசியைக் காதில் வைத்து "இந்தா வந்துட்டேன்பா, அண்ணன ஸ்டாப்புக்கு வரச் சொல்லு" என்று பேசிக்கொண்டே நடப்பது. இல்லாத அண்ணனைக்கூட வரவழைக்கலாம். பஸ்ஸில் வயதான பெண் பக்கத்தில் உட்கார்ந்து மகள் மாதிரிப் பேசுவது. ஒருத்தி சொன்னாள்: "எங்கம்மா வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேல அப்பா சட்டையப் போட்டுக்கிடுவாங்க மேடம்." வெயிலுக்கும் முள்ளுக்கும்தான் அந்தச் சட்டை. ஆனால் அந்த அம்மா அதைப் போட்டுக்கொண்டு வரப்பில் தனியாக நடக்கும்போது 'எங்க கிளம்பிட்ட?' என்று யாரும் கேட்பதில்லை என்பதையும் அவள் சேர்த்துச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் கேள்வியில்லாமல் போகும் வழிகள் இப்படித்தான் குறிக்கப்பட்டிருக்கின்றன. வேலைக்கு அப்பா சட்டை, ராஜபாளையம் நூற்பாலைக்கு மில் வேன், சங்கரன்கோவிலுக்கு ஆடித்தபசு. தபசுக்கென்றால் ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்பினாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கோமதி அம்மன் ஒற்றைக்காலில் நின்று வாங்கிக் கொடுத்த அனுமதி அது.

2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது கொண்டுவந்த மாற்றத்தைச் சின்னதாக்க எனக்கு மனமில்லை. கையில் காசு கேட்டுத்தான் வெளியே போக முடியும் என்றிருந்த பெண்கள் கேட்காமல் போய்வருவதை என் கண்ணால் பார்க்கிறேன். 'ஓசி டிக்கெட்' என்று இளக்காரமாகச் சொன்னவர்களுக்கு அவர்கள் கொடுத்த பதில்களையும் கேட்டிருக்கிறேன். புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோதும் இதுதான் நடந்தது. போய்வருவது என்பதே ஒரு கல்வியாக இருந்தது. இவையெல்லாம் வானில் போகும் மந்திரங்கள். ஏறிய பிறகு வேண்டியிருக்கும் மற்ற மந்திரத்தை அரசாணையில் எழுத முடியாது. அதைப் பிள்ளைகள் துப்பட்டாவில் செய்துகொள்கிறார்கள்.

தெய்வம் கொடுத்த மூன்றாவது மந்திரத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தெய்வமே மறந்துவிட்டது. இரண்டைக் கொடுத்துவிட்டு வானில் எழுந்து, மறந்ததை நினைத்து மீண்டும் இறங்கி வந்து பசி தீர்க்கும் மந்திரத்தைக் கொடுக்கிறது. காவியத்தில் எனக்குப் பிடித்த இடங்களில் இது ஒன்று. அது மணிமேகலையின் சொந்தப் பசிக்கு. பிறர் பசிக்கு அமுதசுரபி பிறகு கிடைக்கிறது. வானில் பறக்கக் கற்றுக்கொண்டவள் முதலில் போகும் இடம் எங்கோ தெரியாத சுற்றுலாத் தலம் இல்லை, தான் துரத்தப்பட்ட அதே புகார் நகரம். கையில் பாத்திரத்தோடு. சிறைக்குள் போய்ச் சோறு போடுகிறாள், அரசனிடம் கேட்டுச் சிறையை அறக்கோட்டம் ஆக்குகிறாள். கடைசியில் பஞ்சம் பிடித்த காஞ்சிக்குப் போகிறாள். டேவிட் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத் தாண்டிப் போன வெள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதனால் மணிமேகலையை நம் காலத்துப் பெண்ணியவாதி என்று தூக்கிப் பிடிக்க நான் தயாரில்லை. அமுதசுரபியில் முதல் பிச்சையைப் பத்தினிப் பெண் இட வேண்டும் என்று ஆதிரையைத் தேடிப்போவது அதே காவியம்தான். பெண் சேவை செய்தால்தான் அவள் பயணத்துக்கு நியாயம் உண்டு என்ற எண்ணமும் அதற்குள் இருக்கிறது. ஒரு காரியமும் இல்லாமல், சும்மா, கடலைப் பார்க்க ஒரு பெண் போனால் என்ன? ஸ்பிங்க்ஸ் தலையில் உட்கார்ந்து சோறு தின்ன எனக்கும் ஆசைதான். டேவிட்டின் மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி பொறாமை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணன் மகளுக்குத் திருநெல்வேலியில் முதுகலை இடம் கிடைத்தது. விடுதியா, தினமும் போய்வருவதா, அல்லது இந்த வருஷம் வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் நாங்கள் இருவரும் மந்திரம் கொடுத்த காதையை வாசித்தோம். "அவ முகத்தோடயே அவளால எங்கயுமே போக முடியலையா அத்தை?" என்று கேட்டாள். அவளை முன்பே அறிந்த அறவண அடிகள் இருக்கிறார், காஞ்சிபுரம் வரை வாசி, பிறகு பேசலாம் என்றேன். விடுதி என்று முடிவானது. "நீ கூடப் போயி விட்டுட்டு வா" என்று அண்ணன் என்னிடம் சொன்னான். "வேண்டாம் அத்தை, நானே போயிருவேன்" என்றாள் அவள். பஸ் நிற்கும் இடம் வரை மட்டும் போனேன். வழியில் மூன்று பேர் எங்கே என்று கேட்டார்கள். மூன்று பேருக்கும் அவளே பதில் சொன்னாள். ஏறுவதற்கு முன் துப்பட்டாவை எடுத்து முகத்தைச் சுற்றிக்கொண்டாள். தூசிக்கா, வேறு எதற்குமா என்று நான் கேட்கவில்லை.